பின்

ஹாலன் அன்று அவசரத்தில் வந்தார்.
இழுவைக்கம்பியில் விரிசல். பின் எங்கேயோ விழுந்துவிட்டது.
ஃபேக்டரியில் ஆறு மணிக்கு மேல் இலை எடுக்க மாட்டார்கள்.
"ரெண்டு புள்ளி வச்சு விடு.
ஞாயித்துக்கெழமை கொண்டாறேன், முழுசா வை."

வைத்தேன்.
பின் இருந்த துளையில்
பழைய ஜீப்பின் போல்ட் ஒன்றைச் செருகினேன்.
துளைக்குச் சின்னது. ஆடியது.
கட்டுக்கம்பி இரண்டு சுற்று.
நூற்றைம்பது ரூபாய்.

அது மாசியில். இது ஐப்பசி.
முப்பத்துச் சொச்சம் ஞாயிறுகள்
வண்டியில்லாமலே வந்து போயின.

கட்டபெட்டு வளைவில், ஏற்றம் தொடங்கும் இடத்தில் என் பட்டறை.
மாலை நாலரைக்கு டிராக்டர் வரும்;
தலை நிமிர்த்திப் பார்க்க வேண்டியதில்லை.
பள்ளத்தில் முன்வண்டி ஒரு சொல் சொல்லும்,
அரை நொடி கழித்துப் பின்வண்டி
டக்
என்று ஒப்புக்கொள்ளும்.
அந்த அரை நொடி
என்னுடையது.

ரெண்டு டன்னுக்கு அடித்த நாலு சக்கரப் பெட்டி.
ஏறுவது நாலு டன் பச்சை இலை, மழையில் நனைந்தால் நாலரை.
வலைமூட்டைகளுக்கு மேலே ஒன்பது பெண்கள்,
மின்கம்பிக்குத் தலை குனிந்து குனிந்து பழகியவர்கள்.
பின்பலகையில் "ஒலி எழுப்பவும்" என்று எழுதியிருக்கிறது,
மூட்டை பிதுங்கி "எழு" மட்டும் தெரிகிறது.
சிவப்பு விளக்கு இருந்த இடத்தில்
ஏதோ ஒரு பிள்ளையின் ஸ்வெட்டர் கை.
பிரேக் கிடையாது.
முன்னால் போகிறவனை நம்புவதுதான் அதன் பிரேக்.

ஒருநாள் மேலிருந்து புஷ்பராணி கத்தினாள்:
"ஒங்க வெல்டிங்கு கல்லு மாதிரி நிக்குதுண்ணே!"
கையசைத்தேன்.
அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

நம் மொழியில் ஒரு தொல்லை.
பின் என்றால் இரும்பு. பின் என்றால் பிறகு.
பின் என்றால் முதுகுப்பக்கம்.
"பின்ன பாக்கலாம்" என்று ஹாலன் சொன்னபோதெல்லாம்
மூன்றையும்தான் சொன்னார்.

"கிலோ பதினேழுக்கு எடுக்கறான்.
ரெண்டு நடை அடிச்சா டீசல் யார் தலையில?"
அவர் கணக்கில் தப்பே இல்லை.
தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

முந்தாநாள் இரவு
கம்பளிக்குள் ரம்பத்தை வைத்துக்கொண்டு போனேன்.
ரேஷன் கடை ஓரம் காலிப் பெட்டி, பனியில்.
வேலிக்கு அந்தப்பக்கம் காட்டெருமை ஒன்று
மூச்சு விட்டபடி பார்த்துக்கொண்டிருந்தது.
தடவிப் பார்த்தேன்.
ஒரு புள்ளி ஏற்கெனவே விட்டிருந்தது.
இன்னொன்று நகக்கண் அளவு.
போல்ட்டின் இடுப்பு தேய்ந்து பென்சிலாகியிருந்தது.
அறுக்க ஒரு மணி நேரம் ஆகும் என்று
டீ குடித்துவிட்டு வந்திருந்தேன்.
பதினொரு இழுப்பு.

காலையில் ஹாலன்.
"எவனோ ராத்திரி அறுத்துட்டான்யா."
என் ஸ்வெட்டர் கையில் இரும்புத்தூள்.
"கரண்ட் இல்லை" என்றேன்.
பட்டறைக்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது.
அவர் பல்பைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
"முழுசா வைக்க எத்தனை நாள்?"
"ரெண்டு. செயினும் போடணும்."
"ரெண்டு நாள் இலை கருகிடும்" என்றார், திட்டவில்லை,
போய்விட்டார்.

நாலரைக்கு டிராக்டர் வந்தது.
பள்ளம் வந்தது.
டக் வரவில்லை.
எழுந்து வாசலுக்குப் போனேன்.
முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் நடுவே
கயிறு. தேங்காய்நார், நாலு மடிப்பு.
அதே மூட்டைகள், அதே உயரம்.
மேலே மட்டும் யாரும் இல்லை.
ஒன்பது பேரும் சாலையின் மேட்டுப்பக்கமாக
இலைக்கூடைக் கயிறு நெற்றியில் பதிந்த தடத்தோடு
நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.
புஷ்பராணி கத்தவில்லை. கயிற்றையே பார்த்தபடி நடந்தாள்.

லேத் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தவில்லை.
சுவரோரம் கிடந்த சதுரக் கல்லைத் தூக்கி
இடுப்பில் இடுக்கிக்கொண்டு
பின்சக்கரத்துக்குப் பக்கத்தில்
நானும் ஏறத் தொடங்கினேன்.